ஒழுங்கைக்குக் கொடுத்த மூன்றடி

எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பாது. பெருவீதியில் இருந்து கடல் பக்கமாகப் பிரிகிற அந்தக் குறுகிய மணல் ஒழுங்கைக்கு நான் மாப்பிள்ளையாக வந்த அன்றைக்கே என்னை ஏற்றிவந்த கார் சந்தியில் நின்றுவிட்டது. புதுச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துதான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகளுடைய மூத்த பிள்ளை பிறக்கிற வரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை நல்ல மாரியில் வந்தது. ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர். ஓட்டோ சந்தியில் நின்று ஹோர்ன் அடிக்கிறது, உள்ளே வர வழியில்லை. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் மகளை இருத்தி, ஒரு பக்கம் மருமகன், மறுபக்கம் நான், தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் கை தளர்ந்து கதிரையைக் கொஞ்சம் இறக்கினோம். அதன் ஒரு கால் தண்ணீருக்குள் இருந்த குழியில் இறங்கி, கதிரை ஒரு பக்கமாகச் சரிந்தது. "யா அல்லாஹ்!" என்று மகள் என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அந்தப் பிடி இன்றைக்கும் என் கழுத்தில் இருக்கிறது. றப்பு, படைத்தவன், காப்பாற்றினான். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள்.

நான் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவன். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் மீன் எடுத்தால் சொறிக்கல்முனை, நாவிதன்வெளி என்று வயல் ஊர்களுக்குள் சுற்றிவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னர் வந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மாநகர சபை என்றால் எனக்குக் குப்பை ஏற்றுகிற டிரக்டரும், வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிற யன்னலும்தான். அதற்குள்ளே ஒரு மண்டபம் இருக்கிறது, அங்கே நம்மைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் மகள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். மருத்துவமாது கணக்குப் பார்த்துச் சொன்ன காலம் சரியாக மாரி தொடங்குகிற காலம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் அந்தக் கதிரைதான் ஞாபகத்துக்கு வந்தது. மருமகனுக்குப் பொத்துவில் பக்கம் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். இந்த முறை தூக்கவும் ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் வட்டாரத்துச் சபை மெம்பர் ஜும்ஆ முடிந்து வருகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"காக்கா, இந்த வருசம் ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீட் போட சபைக்கு வசதி வந்திரிக்கி. உங்கட ஒழுங்கையையும் நான் போடலாம். ஆனா அகலம் காணாது. மெசின் உள்ளுக்கு வரணும், வடிகானும் வெட்டணும். வீட்டுப் பக்கத்தால ஆளுக்கு மூணடி விட்டுத் தருவீங்களா?"

"மூணடி என்ன மெம்பர், முப்பதடி வேணுமெண்டாலும் எடுங்க!"

"முப்பதடி எடுத்தா நீங்க கடலுக்குள்ளதான் இரிக்கணும். எல்லாரும் சம்மதமெண்டு ஒரு மனு எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க. வாற அமர்வில பிரேரணையா வெக்கிறன். அதில பாஸாகினா மாரிக்கு முன்னம் வேலை முடியும். விட்டா வாற வருசம்தான்."

ஒழுங்கையின் ஒரு பக்கம் நெடுகப் பள்ளிக்கூட மதில். மறுபக்கம்தான் வீடுகள். அதனால் மூன்றடியையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கே பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கை ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசல் வாசலில் கூடிவிட்டோம். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பாதைக்கு இடம் விடுவது ஸதக்காவாக, நிலைத்த தருமமாக, நின்று நன்மை தரும் என்று ஒருவர் சொல்ல, கையெழுத்துக்கு அடிபிடி. "எனக்கு முதல் தா", "பேனையைத் தா மச்சான்" என்று மனுத்தாள் கைமாறிக் கசங்கிப் போனது. என் சகலன், அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், சின்னக் கையெழுத்துக்காரர். அன்றைக்கு அவரும் அரைப் பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மீன் விற்று முடிந்த கையோடு பெட்டியைக் கழுவி, நானும் குளித்து, வெள்ளைச் சாரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு மனுவோடு சபைக் கந்தோருக்குப் போனேன். மேசையில் முக்காடு போட்ட ஒரு இளம் பிள்ளை கிளாக்கராக இருந்தா. மனுவை மேலிருந்து கீழே பார்த்தா.

"காக்கா, இதில எல்லாம் ஆம்புளையள்தானே கையெழுத்துப் போட்டிரிக்கிற?"

"ஓம் தங்கச்சி. ஒழுங்கையில உள்ள குடும்பத் தலைவர்மார் ஒருத்தரும் மிச்சமில்ல."

"தலைவர்மார் சரி. காணி யார்ட பேரில?"

நான் மனுவை வாங்கித் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பா, அந்த மகள் தன் மகளுக்குக் கொடுப்பா. நான் இருக்கிற வீடு என் மனைவிக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. மகளைக் கட்டிக் கொடுத்தபோது நாங்கள் அதை மகளுக்கு எழுதிவிட்டுப் பின்னுக்கு இருக்கிற அறைகளுக்கு மாறிக்கொண்டோம். பக்கத்து வீடுகளும் அப்படித்தான். அக்கா தங்கை, சாச்சி மகள், பெரியம்மா மகள் என்று வரிசையாக ஒரே வளவு பிரிந்து பிரிந்து வந்த வீடுகள். ஆண்கள் நாங்கள் எல்லோரும் வந்த மாப்பிள்ளைமார்.

கிளாக்கர்ப் பிள்ளை சோலைவரிப் புத்தகத்தை எடுத்து விரலால் இறக்கிக்கொண்டு வந்தா. எல்லாம் பெண்கள் பேர். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டா.

"காக்கா, கோவிக்காதீங்க. இந்த ஒழுங்கையில ஒரு ஆம்புளைக்கும் ஒரு பிடி மண்ணும் இல்ல. அடுத்தாக்கள்ட காணியைத்தான் இவ்வளவு தாராளமா எழுதிக் குடுத்திரிக்கீங்க."

"நாங்க அவங்கட புருசன்மார்தானே தங்கச்சி?"

"என்ட வீடும் என்ட பேரிலதான். எங்கட மனிசன் என்னைக் கேக்காம மூணடி குடுத்திட்டு வந்தா, அவரு வெளியிலதான் படுக்கணும். சொந்தக்காரங்கட சம்மதம் எடுத்துட்டு வாங்க. பிரேரணை நிகழ்ச்சி நிரலில வந்திட்டுது, வாற வியாழன் அமர்வு. அதுக்குள்ள இல்லாட்டி யாராவது மெம்பர் எழும்பி ஆட்சேபம் சொன்னா அவ்வளவுதான்."

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னரே கதை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மனைவி அரிசி களைந்துகொண்டு இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முதலாளி வாறார். இஞ்சருங்க, இன்னும் எங்கெங்க உங்களுக்குக் காணி இரிக்கி? அதையும் எழுதிக் குடுக்கிறதுதானே?"

"புள்ளெ, மகளுக்காகத்தானே..."

"அது எனக்குத் தெரியாதா? மகள் தருவா, நானும் சரியெண்டுவன். மத்த வீட்டாக்களும் சிரிச்சிட்டுத் தருவாங்க. தங்கச்சிதான் கொதிச்சுக்கொண்டு இரிக்கா."

மனைவியின் தங்கைக்கு ஒழுங்கையின் முதல் வீடு. பெருவீதியும் ஒழுங்கையும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது. அவள் தையல் தைக்கிறவள். அபாயா தைத்துச் சேர்த்ததில் முந்தின வருடம்தான் சுற்றி மதில் கட்டினாள். மேசன்மார் கல் வைக்க வைக்க, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்த மதில். அந்த மதில் உள்ளுக்குத் தள்ளாவிட்டால் மெசினும் வராது, ஓட்டோவும் வராது. பின்னுக்கு இருக்கிற வீடுகள் எல்லாம் மூன்றடி என்ன, ஆறடி கொடுத்தாலும் ஒன்றுக்கும் உதவாது.

நான் அஸருக்குப் போகிற வழியில் அவள் வீட்டுக் கேற்றில் நின்று ஸலாம் சொன்னேன். சகலன் வெளி மாமரத்தடியில் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாலேயே 'வராதே' என்றார். ஆனால் அவள் வந்துவிட்டாள், கழுத்தில் அளவுநாடாவோடு.

"வாங்க மச்சான். என்ட மதிலை எப்ப உடைக்கப் போறீங்க? இண்டைக்கா, நாளைக்கா? தேத்தண்ணி வெக்கணுமே வேலைக்காரங்களுக்கு."

"மச்சி, தெரியாமச் செஞ்சிட்டம். நீங்க கோவிக்காம..."

"உங்கட மகள் எனக்கும் மகள்தான். அவளுக்காக உசிரையும் தருவன். ஆனா உங்கட கையெழுத்துக்கு ஒரு கல்லும் தரமாட்டன். எங்க உம்மா எனக்குத் தந்த ஹக்கு இது. தாங்கெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. பள்ளிவாசல்ல வெச்சுப் பகிர்ந்திட்டீங்க."

ஹக்கு, அதாவது உரிமை, என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்தவர் ஹக்கைக் கொடுத்து நன்மை தேட நினைத்தோமே என்று. பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதேன். நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் கொஞ்சம் கூடுதலாக இருந்தேன்.

வியாழன் வரைக்கும் மனைவி என்னை அந்தப் பக்கம் போகவிடவில்லை. "நீங்க போய்க் கெஞ்சினா இன்னும் கூடும். விடுங்க, அவட கோவம் எனக்குத் தெரியும். வியாழன் பொம்புளையள் எல்லாரும் நேரா சபைக்குப் போய்க் கையெழுத்து வெக்கிறம்." மகள் மட்டும் தன் சாச்சி வீட்டுக்கு, அதாவது மச்சி வீட்டுக்கு, வழமைபோலப் போய்வந்தாள். அங்கே காணிக் கதை கதைக்கவில்லையாம். பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டைகளைத்தான் சாச்சி காட்டினாவாம்.

வியாழக்கிழமை நான் மீனுக்குப் போகவில்லை. பெருநாள் மாதிரி இருந்தது. காலையிலேயே ஒழுங்கைப் பெண்கள் கறுப்பு அபாயாவை உடுத்து அத்தர் மணக்கச் சந்தியில் நிற்கிறார்கள். வாழ்க்கையில் சபைக்குள் கால் வைக்காதவர்கள். "அங்க தேத்தண்ணி தருவாங்களா?", "டீவியில காட்டுவாங்களா கா?" என்று ஒரே சத்தம். வீட்டுக்காரி என் மகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒழுங்கை மணலில் மெதுவாக நடந்து வந்தாள். அவளுடைய கையெழுத்து இல்லாமல் எங்கள் வீட்டு மூன்றடியும் செல்லாது. ஆண்கள் நாங்கள் பின்னால் ஒதுங்கி நின்றோம். அன்றைக்கு எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. முதல் வீட்டுக் கேற் மூடியிருந்தது. சகலன் மட்டும் வந்தார். கேட்டதற்கு, "எனக்கு ஒண்டும் தெரியா மச்சான். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டன்" என்றார்.

சபை மண்டபத்தில் பார்வையாளருக்கென்று பின்னால் கொஞ்சம் கதிரைகள். நாங்கள் போனதும் நிறைந்துவிட்டது. முன்னால் வளைந்த மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மைக். மேயர் உள்ளே வரும்போது செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். எல்லோரும் எழும்பினோம். மீன் ஏலத்தில் கூட நான் அப்படி நேராக நின்றதில்லை. அவரவர் மதப்படி மௌனமாகப் பிரார்த்திக்கச் சொன்னார்கள். நான் கேட்ட துஆ ஒன்றுதான்: யா அல்லாஹ், அந்தக் கேற்றைத் திற.

முதலில் போன மாதக் கூட்டறிக்கை. "சரி", "சரி" என்று முடிந்தது. பிறகு கட்டாக்காலி மாடுகள். சந்தைக்குள் மாடுகள் படுத்துக் கிடப்பதாக ஒரு மெம்பர் சொல்ல, "அது உங்கட வட்டாரத்து மாடு" என்றார் இன்னொருவர். "மாட்டுக்கு வட்டாரம் இல்ல, வாக்கும் இல்ல" என்று அவர் திருப்பிச் சொன்னதும் மண்டபமே சிரித்தது. அடுத்து ஒரு தெருவிளக்கு. இரண்டு வட்டாரங்களின் எல்லையில் இருக்கிற ஒரு கம்பத்துக்கு இரண்டு மெம்பர்கள் உரிமை கேட்டார்கள். பல்பு எரியாதபோது இரண்டு பேரும் அது தன்னுடையது இல்லை என்றார்களாம், இப்போது புது பல்பு போட்டதும் இரண்டு பேருக்கும் வேண்டுமாம். மைதானத்தில் புல் வெட்டுவது, சந்தையில் மீன் கழுவுகிற தண்ணீர் போக வழி, நூலகத்து மின்விசிறி. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் ஒவ்வொன்றும் வாசிக்கப்படும்போது எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு ஆள் இதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அந்த ஆள் நான்.

எங்கள் மெம்பர் எழும்பி எங்கள் ஒழுங்கையின் பிரேரணையை வாசித்தார். ஒரு மெம்பர் ஆமோதித்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதுகிறாள்.

அப்போது எதிர் வரிசையில் இருந்து ஒரு மெம்பர் மைக் பொத்தானை அமத்தினார். "கௌரவ மாநகர முதல்வர் அவர்களே, மனுவில் கையெழுத்து வைத்தவர்கள் காணிச் சொந்தக்காரர்கள் இல்லை என்று அறிகிறேன். சொந்தக்காரர்களின் சம்மதம் இல்லாமல் சபை ஒரு அடியும் எடுக்க முடியாது. அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்க வேண்டும்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

எங்கள் மெம்பர், "சொந்தக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்று கையை எங்கள் பக்கம் நீட்டினார். மேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் பார்த்தார். கறுப்பு அபாயாக்களின் வரிசை.

"பார்வையாளர்கள் பேசுகிற வழக்கம் இந்தச் சபையில் இல்லை. உறுப்பினர்கள் சம்மதித்தால் ஒவ்வொருவரும் எழும்பித் தங்கள் சம்மதத்தை மட்டும் சொல்லலாம். பிறகு ஆணையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்." மாட்டுக்காகச் சண்டை பிடித்த இருவரும் சேர்ந்தே "சம்மதம்" என்றார்கள்.

முதலில் என் மகள் எழும்பினாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. "என்ட வீடு. கடைசி வீடு. சம்மதம்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் நின்ற நிலையே மீதியைச் சொல்லிவிட்டது. ஒரு பெண் மெம்பர் முன்னால் இருந்து திரும்பி, "இருங்க மகள், இருங்க" என்றா. பிறகு மற்றவர்கள். சாச்சி மகள், பெரியம்மா மகள், அவளுடைய மகள். "சம்மதம்." "சம்மதம்." "நானும்தான்." ஒருத்தி பதறிப்போய் "ஆமீன்" என்றாள். அதற்கும் மேயர் தலையாட்டினார்.

"முதல் வீடு?"

சகலன் தலை குனிந்துகொண்டார். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் காவலாளியோடு யாரோ வாதாடுகிற சத்தம். "நான் கூட்டம் பார்க்க வரல்ல தம்பி, என்ட காணிக்கு வந்திரிக்கன்!" என்று கேட்டது. அவள்தான். வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். அபாயாவுக்கு மேலே கழுத்தில் அளவுநாடா தொங்குகிறது. கழற்ற மறந்துவிட்டாள்.

"மேயர் ஸேர், எனக்குச் சபையில எப்படிக் கதைக்கிறதெண்டு தெரியா. நான் தைக்கிற ஆள். அடுத்தாள்ட துணிய வெட்டுறதெண்டா அவட்டக் கேட்டுத்தான் வெட்டுவன். என்ட மதிலை வெட்டுறதுக்கு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. பள்ளிவாசல் வாசல்ல வெச்சுக் குடுத்திட்டாங்க."

"சம்மதத்தை மட்டும்..." என்று மேயர் தொடங்கினார்.

"அங்கதான் வாறன் ஸேர். நீங்க கேக்கிறீங்களா?"

மேயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மைக்குக்குக் கிட்ட வந்து, மிகவும் மரியாதையாக, "கேட்கிறேன் சகோதரி. ஒழுங்கைக்காக மூன்றடி தருவீர்களா?" என்றார்.

"மூணடி காணாது."

மேயர் மூக்குக்கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு நேரமும் அளந்துபோட்டுத்தான் வாறன். மூணடி எடுத்தா உள்ளுக்கு அகலம் காணும், ஆனா மூலையில ஓட்டோ வளைஞ்சு திரும்பாது. மூலையையும் வளைச்சு எடுங்க. தாறன். ஆனா மதில்ட கல்லு எனக்குத்தான்."

யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது. சபையில் தட்டக் கூடாதாம். பிறகுதான் சொன்னார்கள். ஆட்சேபம் சொன்ன மெம்பரும் தட்டினார். "கல் சகோதரிக்கே" என்று மேயர் சொல்ல, பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. என் மகள் அழுதாள். என் மனைவி, "எங்க கா இவ்வளவு நேரமும் போயிரிந்த?" என்று தங்கையின் கையில் கிள்ளினாள். நான் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் இல்லை.

வெளியே வந்து கிளாக்கர்ப் பிள்ளையின் மேசையில் பெண்கள் வரிசையாகக் கையெழுத்து வைத்தார்கள். நாங்கள் ஆண்கள் அவர்களுடைய கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "குடும்பத் தலைவர்மார் எல்லாரும் சுகமா காக்கா?" என்றா.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மதில் இறங்கியது. சபை எப்போது உடைக்கும் என்று பார்த்துக்கொண்டு இராமல், மேசனைக் கூப்பிட்டுக் கல் உடையாமல் கழற்றி, மச்சி அதை உள்ளே அடுக்கினாள். வடிகான் வெட்டினார்கள். மெசின் வந்தது. வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் மழை இறங்கவில்லை. காலையில் தொடங்கி அஸருக்குள் ஒழுங்கை முழுக்கக் கொங்கிறீட் போட்டு முடித்தார்கள். பலகையால் இழுத்து மட்டமாக்கினார்கள். தட்டு மாதிரிப் பளபளவென்று கிடந்தது. பிள்ளைகளையும் கோழிகளையும் ஒருவரும் மிதிக்க விடவில்லை. நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மனைவி பின்னால் இருந்து கூப்பிட்டாள். மகளுக்கு நோவு பிடித்துவிட்டது.

பாதை இருக்கிறது. ஆனால் அதன் மேல் கால் வைக்க முடியாது. பச்சைக் கொங்கிறீட். நான் வாசலிலேயே நின்று தலையில் கை வைத்தேன். இவ்வளவும் செய்தது இதற்காகவா றப்பே என்று. வேலைக்காரத் தம்பிமாரில் ஒருவன், "பரவாயில்ல காக்கா, பலகை போடுறம், மிதிங்க. பிறகு பூசுவம்" என்றான்.

"ஒருத்தரும் மிதிக்க வேணாம்!" என்று பின் வளவில் இருந்து மச்சியின் சத்தம். "இஞ்சால கூட்டி வாங்க புள்ளைய!"

எங்கள் பின்வளவுகள் பள்ளம். மாரியில் இடுப்புத் தண்ணீர் நிற்கும், அதனால் போன முறை அந்த வழியை நினைக்கவே முடியவில்லை. ஆனால் அன்றைக்கு நிலம் காய்ந்து கிடந்தது. பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவர வேலிகளில் விட்டிருக்கிற கடப்புகள் இருக்கின்றன. அவற்றால் ஆண்கள் போவதில்லை, நாங்கள் ஒழுங்கையால்தான் போவோம். மச்சி முன்னால், மகள் அவளுடைய தோளில், மனைவி மறுபக்கம். வீட்டுக்கு வீடு பெண்கள் வந்து கைகொடுத்து, "பிஸ்மில் சொல்லு மகள்", "மெல்ல, மெல்ல" என்று ஒரு வளவில் இருந்து அடுத்த வளவுக்கு மகளைக் கடத்தினார்கள். ஒவ்வொரு வளவும் ஒருத்தியின் பேரில் இருக்கிற வளவு. நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மதில் இறக்கிய மச்சியின் மூலையால் நேரே பெருவீதிக்கு வந்தோம். மச்சி பிடித்து வைத்திருந்த ஓட்டோ நின்றது. மச்சி முதலில் ஏறிக்கொண்டாள்.

"மச்சான், நீங்க சந்தியில விட்ட மோட்டார் சைக்கிள்ல வாங்க. இதில இடமில்ல."

ஆஸ்பத்திரியில், பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்கும்போது பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான் வெளித் தாழ்வாரத்தில் நன்றி சொல்லும் ஷுக்ருடைய ஸஜ்தாவில் விழுந்தேன். தாதி ஒருத்தி எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தா.

சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குள் கொங்கிறீட்டில் போட்டிருந்த ஈரச் சாக்குகளையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளையைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் மாரி கொட்டத் தொடங்கியது. கடலும் வானமும் ஒரே நிறம். ஓட்டோ சந்திக்கு வந்ததும் பழக்கத்தில் ட்ரைவர் நிறுத்திவிட்டார். "போங்க தம்பி, உள்ளுக்குப் போங்க!" என்று நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்து கத்தினேன். மழைக்குள் எனக்கு என் சத்தமே கேட்கவில்லை. ஓட்டோ மூலையில் வளைந்து உள்ளே போனது. தண்ணீர் வடிகானால் சளசளவென்று ஓடுகிறது. வீட்டு வாசலில் நின்று, மகளை இறக்கிவிட்டு, விட்டுக் கொடுத்த மூன்றடியில் ஒரே வெட்டில் திரும்பியது. ட்ரைவருக்கே ஆச்சரியம். இன்னொரு முறை போய்த் திரும்பிக் காட்டட்டுமா என்று கேட்டார்.

மச்சி குடையோடு ஓடிவந்து மகளின் கையில் இருந்த பிள்ளையை வாங்கினாள். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். காதோடு குனிந்து ஸலாம் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்:

"இஞ்ச பாரு புள்ளெ, உனக்கு வாற வளவில மூணடி குறையும். றோட்டுக்குக் குடுத்தாச்சு. உன்ட உம்மாட்டக் கேட்டுத்தான் எடுத்த. நீ பெரிய ஆளாகி வந்து எங்களோட சண்டை பிடிக்கப்படாது, என்ன?"

பிள்ளை கொட்டாவி விட்டது.

"சம்மதமாம்" என்றாள் மச்சி.